பதினான்கு பாகை

தாரந்தோவில், சுழல் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
சாவு அறிவிப்பு அச்சடிக்கும் கடை என்னுடையது.
சாவு மட்டுமல்ல.
சிப்பிக் கடையின் விலைப்பலகை,
கல்யாண மிட்டாய்ப் பெட்டி,
வெர்மூத் புட்டியில் ஒட்டும் தாள்,
‘கடைசி மூன்று நாள்’ என்று
மூன்று வருடமாகக் கத்துகிற காலணிக் கடை.
எல்லோரும் கேட்பது ஒரே எழுத்துரு:
தடித்தது, சாய்ந்தது,
கால்நுனியில் குட்டிக் கொக்கி வைத்தது.

கிளம்பிவிட்ட பேருந்தின் பின்னால்
பருத்த உடம்போடு ஓடுகிற மனிதர் அது.
கோட்டின் பொத்தான்கள் எல்லாம் போட்டிருக்கிறார்.
காலணி பளபளக்கிறது.
அவர் வியர்த்து யாரும் பார்த்ததில்லை.
அவசரமான ஒன்றை
மரியாதை குறையாமல் சொல்ல
அவரைத்தான் அனுப்ப வேண்டும்.

ஆனால் பக்கத்துக்கு ஒரு சொல் போதும்.
நகர மன்றத்துக்கு நின்ற ஒருவர்
அறிக்கை முழுக்க அதிலேயே கேட்டார்.
அடித்துக் கொடுத்தேன்.
எல்லாச் சொல்லும் ஓடின,
எதுவும் போய்ச் சேரவில்லை.
அவரும்.

மார்ச்சில், காற்று திசை மாறி
உருக்காலையின் செந்தூசி
ஜன்னல் விளிம்பில் படிந்த நாள்,
தொனாத்தா வந்தாள்.
கணவர் கத்தால்தோ லாக்காத்தேனா,
கிரேன் ஓட்டுநர், வயது அறுபத்தொன்று.
மாதிரியைக் காட்டினேன். விரலால் தள்ளினாள்.
‘நிமிர்த்து.
என் வீட்டில் அவர் எதிலும் சாய்ந்ததில்லை.
சோபாவில்கூட.’

நிமிர்த்தினேன்.

அன்று சாயங்காலமே இர்மா,
துறைமுகத்தில் காப்பிக் கடை வைத்திருப்பவள்.
அதே மனிதர்.
வயது மட்டும் இரண்டு குறைவு.
குடும்பப் பெயர் வேண்டாம் என்றாள்,
‘கத்தால்தோ’ போதும்.
‘தடியாக. சாய்வாக.
கவுண்டரில் முழங்கை ஊன்றி நிற்பாரே,
அப்படி.’

இங்கே தொழில் சங்கதி ஒன்று.
நிமிர்ந்த எழுத்தைக் கணினியில் பிடித்துத் தள்ளினால்
சாயும்தான்.
அது சாய்வெழுத்து ஆகாது,
விழப்போகிற எழுத்து.
உண்மையான சாய்வுக்கு உடம்பே வேறு.
எங்கள் சின்ன அகரம்
நிமிர்ந்து நிற்கையில் மாடி வைத்த வீடு:
கீழே வயிறு, மேலே வளைந்த கூரை.
சாய்ந்ததும் மாடி போய்விடும்.
ஒற்றை அறை.
முதுகு கொடுக்க ஒரு சுவர்.

தொனாத்தாவின் தாளில் ஐந்து மாடி வீடுகள்.
இர்மாவின் தாளில் இரண்டு ஒற்றை அறைகள்.
எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை,
கண் பழகிவிட்டது.

தள்ளித் தள்ளி ஒட்டு என்று சொல்லித்தான் அனுப்பினேன்.
வீத்தோவுக்குப் பசை வாளியில்தான் கவனம்.
காலையில் மீன்சந்தைச் சுவரில்
இரண்டும் தோளோடு தோள்.
இடப்பக்கம் இர்மாவுடையது;
அதனால் சாய்ந்த கத்தால்தோ
நிமிர்ந்த கத்தால்தோவின் மேல்
தலை வைத்திருப்பது போல் ஆயிற்று.
நெத்திலி வாங்க வந்தவர்கள் நின்று படித்தார்கள்.
ஒருவரும் சிரிக்கவில்லை என்று
நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

பிறகு மூன்று நாள் மழை.
மெல்லிய கோடுகள் முதலில் போயின,
கொக்கிகள் அடுத்து.
தடித்த பாகங்கள் மட்டும்
நனைந்த காக்கைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

முப்பதாம் நாள் பூசை அறிவிப்புக்குத்
தொனாத்தா மறுபடி வந்தாள்.
கைப்பையில் நாலாக மடித்த தாள்,
மூலையில் சுவரின் சுண்ணாம்பு.
இர்மாவுடையது.
மழைக்கு முன்னாலேயே கிழித்திருக்க வேண்டும்,
கொக்கிகள் அப்படியே இருந்தன.

மேசையில் விரித்தாள்.
‘எத்தனை பாகை இது?’
பதினான்கு, என்றேன்.
தன் தலையை மெல்லச் சாய்த்தாள்,
பெயர் நேராகத் தெரியும் வரை.
அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள்.

‘குடும்பப் பெயர் நிமிர்ந்தே இருக்கட்டும்.’
முதல் பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
பணத்தை எண்ணி வைத்தாள்,
சில்லறை வாங்காமல் போனாள்.

காலணிக் கடைக்காரர் வாசலில் காத்திருந்தார்.
கடைசி மூன்று நாளாம்.
இந்த முறை
இன்னும் கொஞ்சம் தடியாக வேண்டுமாம்.